காளியண்ணனின் சொந்த ரத்தம்

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. அந்த அறையில் என்னோடு இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் அன்று எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். நடந்தது. என் கையில் நடந்தது.

இதய அறுவைச் சிகிச்சை அறையில் எனக்கு வேலை. அறுக்கும்போது வழியும் ரத்தத்தை என் இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கிண்ணத்தில் போட்டு வேகமாகச் சுழற்றி, உப்பு நீரால் கழுவும். அழுக்கெல்லாம் கழிவுப் பைக்குப் போய்விடும். சுத்தமான ரத்தம் இன்னொரு பையில் சேரும். அதை நோயாளிக்கே திரும்ப ஏற்றுவோம். கழிவுக் குழாயில் ஓடும் நீர் தெளிந்துவிட்டதா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்தால்தான் ரத்தம் சுத்தம்.

காளியண்ணன் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, கூலியாட்களை மேய்க்கும் கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். அறுவைக்கு முதல் நாள் மாலை நானும் மயக்க மருந்து டாக்டர் அட்ரியனும் அவரைப் பார்க்கப் போனோம். அவர் மனைவி லீலாவதி ஜன்னலோரம் நின்றிருந்தார்.

“அடுத்தவன் ரத்தம் ஒரு சொட்டு ஏத்தக்கூடாது, டாக்டர்” என்றார் காளியண்ணன்.

“உயிருக்கு ஆபத்துன்னா, அங்கிள்?”

“செத்தாலும் பரவால்ல. எந்தச் சாதிக்காரன் ரத்தமோ, யாருக்குத் தெரியும்? என்னுதையே கழுவி ஏத்துற மெஷின் இருக்குதாம்ல? அது போதும்.”

லீலாவதி அப்போதுதான் வாயைத் திறந்தார். “அவர் சொல்ற மாதிரியே செஞ்சிருங்கம்மா” என்றார் என்னிடம். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அறுவை தொடங்கியது. முதல் பை ரத்தம் ஒழுங்காக வந்தது. ஏற்றினோம். இரண்டாவது பைக்குக் கழுவும்போது கழிவுக் குழாயைப் பார்த்தேன். நீர் இளஞ்சிவப்பாகி, பிறகு தெளிய வேண்டும்.

பச்சையாக ஓடியது. நீலம் கலந்த பச்சை.

கூடவே ஒரு நாற்றம்... முகக்கவசத்தைத் தாண்டி மூக்கில் ஏறியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். புல் மருந்து.

“டாக்டர், ஏதோ நாறுது.”

“என்ன துளசி, ராத்திரி பூரா ஜப்பான்காரன் பேய் நாவல் படிச்சிட்டுத் தூங்காம வந்தியா? ஒன்னும் நாறல லா.”

“கழிவுத் தண்ணி பச்சையா இருக்கு.”

அட்ரியன் வந்து குனிந்து பார்த்தார். “கண்ணாடி மாதிரி இருக்கு. சீக்கிரம் ஏத்து.”

மறுபடி கழுவினேன். பச்சை. மறுபடி... பச்சை.

அதற்குள் ரத்தப்போக்கு கூடிவிட்டது. திரையில் அழுத்தம் சரசரவென்று இறங்கியது.

“துளசி! ரத்தம்!”

வேறு ரத்தம் ஏற்ற வழியில்லை. அவரே தடுத்துவிட்டார். இருப்பது என் கையிலுள்ள பை மட்டும். கொடுக்காவிட்டால் செத்துவிடுவார். கொடுத்தால்...?

பையை மாட்டினேன். குழாயைத் திறக்க மனம் வரவில்லை. கிளிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“குடுங்கக்கா.”

பெண் குரல். தொண்டை வெந்துபோன குரல்.

திரும்பினேன். யாருமில்லை.

என் விரல்கள் மேல் வேறு விரல்கள். ஈரம். குளிர்ச்சி. ஒவ்வொன்றாகப் பிரித்தன...

“அப்பாவோடதுதானே.”

டக். கிளிப் திறந்தது.

சொட்டு... சொட்டு...

“பிரஷர் ஏறுது,” என்றார் அட்ரியன். “நல்ல வேலை, துளசி.”

என் கையுறையைப் பார்த்தேன். ஐந்து விரல் தடம். பச்சையாக.

அறுவை வெற்றி என்றார்கள். சில நாளில் காளியண்ணனின் வாயெல்லாம் வெந்து புண்ணானது. எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சுத் திணறல். ஆக்சிஜனைக் கூட்டக் கூட்ட மோசமானார். நுரையீரல் கட்டையாக இறுகிக்கொண்டே போனது. நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது. மீதி ரத்தத்தைச் சோதித்தார்கள். எந்த விஷமும் இல்லை.

அவர் இறந்த அன்று, பிணவறை வாசலில் லீலாவதி தனியாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஆண்ட்டி, உங்க வீட்ல யாராவது... புல் மருந்து...”

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“என் மக சந்திரிகா. வேற சாதிப் பையனைத்தான் கட்டிக்குவேன்னா. இவரு அவளைத் தோட்டத்து மருந்து ஸ்டோர்ல வச்சுப் பூட்டிட்டாரு. மண்டோர்கிட்டதானே சாவி. உள்ள இருந்த புல் மருந்தைக் குடிச்சிட்டா.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலயா?”

“போனோமே. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தத்தை மெஷின்ல விட்டுக் கழுவணும், உடனே செஞ்சா பொழைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இவருதான் வேணாம்னு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு.”

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“கடைசி மூச்சு வரைக்கும் புள்ளைக்கு நினைவு இருந்துச்சும்மா. ‘கழுவச் சொல்லுங்கப்பா, கழுவச் சொல்லுங்கப்பா’ன்னு அவரு மொகத்தையே பாத்துக்கிட்டுச் செத்தா.”