குன்றில் பூக்காத கந்தில்புஷ்பம்

நாட்டின் செடிகொடி, பூச்சி, காளான் எல்லாவற்றையும் பொதுமக்களே பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில், மராத்திக்காரர்கள் ஊரான பாணேருக்குக் குடிவந்த வருடம் சேர்ந்தேன். என் முதல் பதிவே தப்பு.

அலுவலகச் சுற்றுலாவாகத் தொலைவில் ஒரு மலைத்தொடர்ப் பக்கம் போனபோது கந்தில்புஷ்பத்தைப் படம் எடுத்திருந்தேன். குட்டி லாந்தர் மாதிரி இருக்கும் அபூர்வமான பூ. கேமரா பழையது, எடுத்த இடம் படத்தில் பதிவாகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஏற்றும்போது தளம் இடம் கேட்டது. சோம்பேறித்தனமாக, இப்போது இருக்கும் இடம் என்பதை அழுத்தினேன். வரைபடத்தில் புள்ளி எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குன்றின் சரிவில் போய் விழுந்தது. பூவின் பெயர் சரிதான் என்று இருவர் உறுதிசெய்தார்கள். இடத்தை யாரும் சந்தேகப்படவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, அந்தச் சரிவை வெட்டிச் சாலை போடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்ல ஒரு விசாரணையும் வைத்திருந்தார்கள். எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்னால் நின்றவர் மேல்மாடிக் கோயம்புத்தூர்க்காரர். ஒரு மாலை என் பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"அம்மிணி, உங்க பூ ஒண்ணு போதுமுங்க. இதை வெச்சே ரோட்டை நிறுத்திப்போடலாம்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளை என் பக்கமே திருப்பிக் காட்டினார்.

"ஏழு வருசமா அங்கயே இருந்துச்சுல்லங்க. விசாரணை முடியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே."

"அது முடியாதுங்கண்ணா" என்றேன். எரிச்சலோடுதான் சொன்னேன், எரிச்சல் என்மேல். அன்றே புள்ளியை அது இருக்கவேண்டிய மலைக்கு மாற்றினேன்.

விசாரணையில் அதிகாரி லேப்டாப்பில் அதே தளத்தைத் திறந்துவைத்திருந்தார். சரிவில் என்னதான் இருக்கிறது என்று மராத்தியில் கேட்டார். மயில், கீரி, மழை முடியும்போது சரிவு முழுக்க மஞ்சள் பூ என்று ஆளாளுக்குச் சொன்னோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் சரிவு காலியாக இருந்தது.

கோயம்புத்தூர்க்காரர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை.

ஏழு வருடமும் காலையில் அங்கே நடந்தவள் நான். மயில் குறுக்கே போனால், தினமும் பார்ப்பதுதானே என்று நகர்ந்துவிடுவேன். அபூர்வமாக ஏதாவது கிடைத்தால் ஏற்றலாம் என்றே இருந்துவிட்டேன்.

அடுத்த மழைக்கு முன்னால் சரிவை வெட்டி முடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.