பையைப் பிடித்திருந்த கை

போன தை மாதம், நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் காலனியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலாவது ஜெபக்கூட்டம் நடக்கும். கடைசியில் எல்லோரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ள, நான்தான் வாய்விட்டு ஜெபம் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெண் ஒருத்தி முதல்முறையாக வந்திருந்தாள். களை எடுக்கப் போன இடத்தில் பழக்கம், நானேதான் கூப்பிட்டேன். இடுப்பில் பெண் குழந்தை. அதற்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்காக மறுநாள் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பட்சபாதமில்லாத ஆண்டவரே, நாங்கள் எல்லோரும் உம்முடைய பிள்ளைகள்” என்று கண்ணை மூடி ஆரம்பித்தேன். அவள் மெதுவாக என் தோளைத் தொட்டாள்.

“அக்கா, பாப்பாவ மடியில வச்சிக்கினு ஜெபம் பண்றியாக்கா? உன் கையில இருந்தா எனுக்கு பயமில்ல.”

குழந்தையை வாங்க இரண்டு கை வேண்டுமே. இடது கையை நீட்டிவிட்டேன். வலது கை வரவில்லை. குனிந்து பார்த்தால், அது என் கைப்பையின் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது! எப்போது போய்ப் பிடித்தது என்றே எனக்குத் தெரியாது. வாராவாரம் அந்தப் பை கேட்பாரில்லாமல் தரையில் கிடக்கும்.

களத்துமேட்டு வேலை முடிந்து கிளம்பும்போது நெல்லை ஒளித்திருப்பாளோ என்று நிலத்துக்காரர்கள் என் அம்மாவின் மடியைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை அழுதிருப்பேன்! அதே சந்தேகம் என் கையிலேயே குடியிருந்திருக்கிறது. வெட்கத்தில் உடம்பு கூசிப்போனது.

பையை விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. “ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாத்தும்” என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது.

“இன்னிக்கு ஜெபம் ரொம்ப உருக்கமா இருந்திச்சுக்கா” என்றாள் அன்று கூட்டம் நடந்த வீட்டுக்காரி.

குழந்தை பிழைத்துவிட்டாள். இப்போது கூட்டத்துக்கு வந்தால் நேராக என் பையிடம்தான் போவாள். ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் இழுத்துப் போடுவாள்.

“ஐயோ, அக்கா பைய உடுடி!” என்று அவள் அம்மா பதறுவாள்.

“எடுத்துக்கினு போறா, உடு” என்பேன்.

ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன், என் கைகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று இன்றும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.