மணிச் சத்தம் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, வருடம் சரியாக நினைவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளியில் ஒரு டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தார்கள். அதில் நான்தான் ஆபரேட்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்ததே பெரிது. சேலத்தில் ஒரு கொட்டகையில் சில வருடம் மெஷின் துடைத்து, ரீல் சுற்றி, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட தொழில் அது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயம். கதவைப் பூட்டினால் நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் பாதி வழியில் திரும்பிப் போவேன். இந்தப் புத்திதான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது நடந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மெஷின் இறுகி நின்றுவிட்டது. பல்சக்கரத்தில் எண்ணெய் வற்றிப்போயிருந்தது. கீழே மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் அந்த மணலையே அள்ளித் திரைமேல் வீசினார்கள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொருக்கா நின்னுச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிரலாம்" என்று மட்டும் சொன்னார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அன்றிலிருந்து எண்ணெய்க் குப்பியைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. காலையில் ஒரு முறை, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை. மனசு கேட்காவிட்டால் நடுவிலும் இரண்டு சொட்டு.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பொம்மைப் படம் வந்தது. வெளிநாட்டில் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து எடுத்தது. தமிழில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். சில வருடத்துக்கு முன்னால் ஓடிப் பேர் வாங்கிய படம். இப்போது புது பிரிண்ட் போட்டு மறுபடியும் விட்டிருந்தார்கள். முதலாளி அதை முதல் தடவையே சேலத்தில் பிள்ளைகளோடு பார்த்தவர். மலையில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் அதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வரவழைத்தார்.

பெட்டியோடு படக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் வந்தார். பெட்டி போகிற ஊருக்கெல்லாம் கூடவே போய், அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு சேர்ப்பதுதான் அவருக்கு வேலை. துறையூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். மூடியில் குங்குமப் பொட்டு வைத்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே தலை வைத்துப் படுப்பார். வந்த அன்றே டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். முந்தின படத்தில் ஏதோ ஒரு ஊரில் ஒரு ரீல் கருகிப்போனதாம். "இன்னொரு புகார் வந்தா சீட்டைக் கிழிச்சிருவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க தம்பி. நாலு பொம்பளப் புள்ளைங்க எனக்கு." அவருக்கும் என்னைப் போலவே தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் இரண்டு ரீல் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் முதலாளி. அவரும் பிரதிநிதியும் முன்னால் உட்கார்ந்தார்கள். மிளகு விற்க மலையிலிருந்து இறங்கி, விடிந்ததும் ஏறிக்கொள்ளலாம் என்று கொட்டகை ஓரம் மூட்டையோடு தங்கியிருந்த ஒரு புருஷன் பெண்சாதியையும் முதலாளி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நான் வழக்கம்போல எண்ணெய் விட்டேன். புது பிரிண்ட், எங்கேயும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

இரண்டாவது ரீலில் ஒரு கட்டம் வரும். மூடுபனியில் ஓர் ஆட்டுக்குட்டி தொலைந்துபோகும். திரை முழுக்க வெறும் வெள்ளை. குட்டி கண்ணுக்குத் தெரியாது. அதன் கழுத்து மணி மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தாய் ஆடு தேடிப் போகும். முதலாளி அதைப் பற்றித்தான் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டம் வந்தது. திரை வெள்ளையாயிற்று. மணி கேட்கவில்லை. ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று ஓர் இரைச்சல். கதை சொல்பவர் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோலப் பேசினார். தாய் ஆடு வந்தது, ஆடா கழுதையா என்று தெரியாத அளவுக்கு மங்கலாக.

"ஏய்யா, வெள்ளத் துணியப் பாக்கறதுக்கா சனம் வரும்? அதுக்கு வண்ணாந்துறைக்குப் போவாதா?" என்று முதலாளி சத்தம் போட்டார்.

"புது பிரிண்டுங்க முதலாளி. பெட்டிய ஒடச்சு இது ரெண்டாவது ஊருதான். போன ஊர்ல மணி கணீர்னு கேட்டுச்சுங்க" என்றார் பிரதிநிதி.

முதலாளி அந்த மலைக்காரப் பெண்ணைப் பார்த்து, "ஏனுங்கம்மா, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்குது?" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க சாமி. என்ன, தலைக்கு வெச்ச எண்ணெ கண்ணுல எறங்குனாப்பல தெரியுதுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அப்போது நான் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். பிலிமின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல் வழுக்கியது. பார்த்தேன். எண்ணெய். என் சிரிப்பு நின்றுவிட்டது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டதா என்று இத்தனை வருடமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழுசாகத் தெரியவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தெரியாதவன் ஏன் விரலைத் துடைக்கவேண்டும்?

பிரதிநிதி ஏணியில் ஏறி என்னிடம் வந்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒரு தரம் மெஷினத் தொடச்சிட்டுப் போட்டுப் பாத்துரலாமா? நானே தொடைக்கிறேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பயம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. "என்ர மெஷின என்னன்னு நெனச்சீங்க? நாளுக்கு மூணு தடவ எண்ணெ உட்டுக் கொழந்தையாட்டப் பாத்துக்கறேன். ஓட்டப் பிரிண்டக் கொண்டுவந்துட்டு என்ர மேல பழியப் போடறீங்களா?" என்று கீழே முதலாளிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

அவர் ஏணியில் இறங்கிப் போனார்.

முதலாளி படத்தைத் திருப்பி அனுப்பிவிட முடிவு செய்தார். அதற்கு ஆபரேட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். முதலாளி காகிதம் நீட்டினார். என் வாழ்க்கையில் அதுவரை ஒரு காகிதத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்ததில்லை. 'படம் மங்கல். சத்தம் அடைப்பு. மணிச் சத்தம் கேட்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "வாரப்பவே இப்படித்தான் இருந்துச்சா? அதையும் எழுதீரு" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் பிரதிநிதி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கேபின் சந்து வழியாகப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

பத்து நாள் கழித்து, மெஷினைப் பார்க்க சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். சத்தம் எடுக்கும் பகுதியைத் திறந்து, அங்கேயிருந்த சின்ன லென்ஸில் பஞ்சை விட்டு எடுத்தார். பஞ்சு கறுப்பாக, சொட்டச் சொட்ட வந்தது. படம் விழுகிற லென்ஸின் பின்பக்கமும் அப்படித்தான். "ஏப்பா, எண்ணெ உட்டயா, எண்ணெயில உட்டயா? ஒரு படி மாவு கொண்டா, பஜ்ஜி சுட்டுரலாம்" என்றார். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது பத்து ஊர் சுற்றித் தேய்ந்த பழைய படம். துடைத்துவிட்டு ஓட்டியதும் அதிலேயே வளையல் சத்தம் தனியாகக் கேட்டது. எங்களுக்கு வந்த படமெல்லாம் தேய்ந்தவை என்பதால் அதுவரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்தப் பொம்மப் படம்?"

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டாவது தடவையாக வாய்ப்புக் கிடைத்தது. "அது பிரிண்டே அப்படித்தானுங்க மொதலாளி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நம்பிவிட்டார். அதுதான் இன்னும் குத்துகிறது.

பல மாதம் போயிற்று. எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் கோயில் விசேஷத்துக்கு மூன்று நாள் படம் காட்ட முதலாளி ஏற்பாடு செய்தார். லாரியில் மெஷினை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் கல் வைத்து நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி விடாமல் அதே பொம்மைப் படத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். பெட்டி வந்தது. மூடியில் பழைய குங்குமப் பொட்டு பாதி அழிந்து அப்படியே இருந்தது. கூட வந்தவர் மட்டும் வேறு ஆள்.

"முன்னால வந்தவர் எங்க?" என்று கேட்டேன்.

"அவர நிறுத்திட்டாங்களே. பெட்டியத் தொறந்தா ரெண்டு ரீல் பூராவும் எண்ணெய். கழுவி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சாம். அவரு கொட்டகையில ஆனதுதான்னு அழுதிருக்காரு. ஆனா கொட்டகை ஆபரேட்டரே எழுதிக் குடுத்துட்டாராமில்ல, வாரப்பவே இப்படித்தான்னு."

எந்த ஆபரேட்டர் என்று அவருக்குத் தெரியாது. அவர் வெற்றிலை மடித்து எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கி மென்றேன்.

இருட்டியதும் திறந்தவெளியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டோம். மரமெல்லாம் இலை இலையாகத் தெரிந்தது. ஆட்டின் தாடி தெரிந்தது. மூடுபனிக் கட்டம் வந்தது. திரை வெள்ளையாயிற்று. கணீர் கணீர் என்று மணி கேட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் ஆடுதான் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒருத்தி மெஷின் பக்கம் வந்தாள். அன்றைக்குக் காரவள்ளியில் பார்த்த அதே மலைக்காரப் பெண். "அன்னைக்கு எண்ணெ எறங்குன கண்ணாட்டம் இருந்துச்சு. இன்னைக்கு மொகங் கழுவிட்டு வந்து பாக்கறாப்பல இருக்குதுங்க. ஆரு சாமி கழுவுனது?" என்றாள்.

நான் குனிந்து ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மலையிறங்கி வந்ததும் படக் கம்பெனிக்கு ஒரு கார்டு எழுதினேன். 'தப்பு அவர் மேல் இல்லை. எண்ணெய் எங்கள் மெஷினில் இருந்தது' என்று இரண்டே வரி. அடியில் பெயர் எழுதப் போனேன். கை ஓடவில்லை. அப்படியே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். பெயரில்லாத கார்டை யார் மதிப்பார்கள்? அவருக்கு வேலை திரும்பக் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. துறையூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அவர் முகத்தைத் தேடியிருக்கிறேன். எதிரில் வந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியாது, ஒருவேளை குனிந்திருப்பேன்.

மெஷின் தொழிலை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டில் யார் மேலாவது குறை சொல்ல வாய் எடுத்தால், என்னையறியாமல் விரலை வேட்டியில் துடைக்கிறேன். துடைத்த பிறகு பேச்சு வருவதில்லை. இதைப் பத்திரிகையில் போடுவார்களோ மாட்டார்களோ, அடுத்தவர் மேல் பழி எழுதியபோது தயங்காமல் ஓடிய கை, இந்தக் காகிதத்தின் அடியிலாவது என் பெயரை முழுசாக எழுதட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.