பாலாற்றங்கரைப் பள்ளியின் ஒற்றை மணி

சென்ற ஐப்பசியில் ஆம்பூருக்கு அப்பால் உள்ள அந்த ஹைஸ்கூலுக்கு நான் பயத்தினால்தான் கிளம்பினேன். போர்டிங்கில் விஷக்காய்ச்சல், ஒரு பையனைத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் யாரோ சொன்னார்கள். எந்தப் பையன் என்று தெரியவில்லை. அந்தக் காய்ச்சல் என்ன செய்யும் என்பதை நர்ஸாக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் சாமுவேல் அங்கே தங்கி நாலாவது பாரம் படிக்கிறான். அவனை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

வேலூரிலிருந்து முப்பது மைல்; பஸ்ஸுக்குப் பத்தணா. விரிஞ்சிபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மாதனூரில் டிரைவர் சாவகாசமாக இறங்கி வெற்றிலை போட்டார். அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது. ஆம்பூரிலிருந்து பள்ளிக்கு நாலு மைல், ஜட்காவுக்கு ஆறணா. மழை நாளில் பேரம் பேசாதீர்கள், வண்டி கிடைப்பதே பெரிது.

வண்டிக்காரர் காதர் பாய் நல்ல பேச்சுக்காரர். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்துக்கு நான் மூக்கை மூடியதும் சிரித்தார்.

"இன்னாம்மா, இதுக்கே பேஜாராயிட்டீங்க? எங்க ஊரு அத்தரே இதான்."

அவர் மகன் சலீமும் அதே பள்ளிதானாம். "போர்டிங் நமக்குக் கட்டுப்படியாவாதும்மா. ஆத்துக்கு அந்தாண்ட நம்ம ஊடு. மணல்ல நடந்தே வந்து போய்டுவான்."

தோல் பதனிட ஆவாரம்பட்டை குவித்திருந்த கொட்டகைகளைக் கடந்தபோது பள்ளி மணி கேட்டது. ஒரே ஒரு அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஒரே ஒரு அடி.

எங்கள் சர்ச்சில் அப்படி அடித்தால் சாவு. காதர் பாய் பேச்சை நிறுத்திவிட்டுக் குதிரையை விளாசினார். என்மேல் இரக்கப்பட்டு விரட்டுகிறார் என்று நினைத்தேன். பயம் இன்னும் கூடியது.

"யாரு பாய் செத்தது?" என்று கத்தினேன். அவர் மறுபடி சாட்டையை ஓங்கினார்.

பள்ளி வராந்தாவில் சாமுவேல் முழுசாக நின்றுகொண்டிருந்தான். கட்டிக்கொண்டு அழுதேன். காய்ச்சல்காரப் பையன் வேறு யாரோ. அவனும் தேறி வருகிறானாம்.

"அது சாவு மணி இல்லம்மா," என்றான். "ஆத்துல வெள்ளம் வந்துடுச்சு. ஊட்டுக்குப் போற பசங்க யாரும் எறங்கக் கூடாதுன்னு அடிக்கிறாங்க."

"சலீம் எங்கடா?"

"அவன் மணிக்கு முன்னாடியே போய்ட்டானே."

திரும்பிப் பார்த்தேன். வண்டி நடுவாசலில் நின்றது. காதர் பாய் ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். நாங்களும் ஓடினோம். கரையில் அவர் முழங்காலிட்டுக் கிடந்தார். மணலே தெரியாமல் செந்தண்ணீர் ஓடியது. அதற்கும் அப்பால், அக்கரையில், புத்தகப் பையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம்.

"என் புள்ளம்மா!" என்றார் பாய். எழுந்து நின்று அக்கரையைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.

மழைக்காலத்தில் போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே கிளம்புங்கள். குடையும் மாற்றுப் புடவையும் வேண்டும். வழியில் ஒற்றை மணி கேட்டால் என்னைப்போல் உங்கள் பிள்ளைக்காக அழ ஆரம்பித்துவிடாதீர்கள். வண்டிக்காரரின் பிள்ளை எந்தக் கரையில் இருக்கிறான் என்று கேளுங்கள்.