மாமாவின் டீசலில் தண்ணீர்

என் மாமா விற்றதும் தண்ணீர், அவருடைய ஜென்ம விரோதியும் தண்ணீர். ஊரப்பாக்கத்தில் அவர் குடும்பத்து நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு மிச்சமிருந்த ஒற்றைக் கிணறுதான் அவருடைய தண்ணீர் லாரிக்குத் தீனி போட்டது. லாரியின் முதுகில் எத்தனை ஆயிரம் லிட்டர் ஏறினாலும் அவருக்குக் கவலையில்லை. டீசல் டேங்கில் ஒரு சொட்டு இறங்கிவிட்டால் போதும், வீடே அதிரும்.

கோடை விடுமுறைக்குப் போகும் எனக்கு இதெல்லாம் மனப்பாடம். டேங்க்கை அரையும் குறையுமாக விட்டால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து வேர்க்கும், அந்த வேர்வை டீசலுக்கு அடியில் போய்த் தங்கும். அதனால் வண்டியை நிறுத்துமுன் டேங்க்கை நிரப்பிவிட வேண்டும். பங்க்கில் டேங்கர் வந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அங்கே டீசல் போடக்கூடாது, அடியில் கிடந்த கசடும் தண்ணீரும் கலங்கி மேலே வந்திருக்கும். மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் மாமா சோறு சாப்பிடும்போதுதான் சொல்வார். குழம்பு ஊற்றிக்கொண்டே அத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டவர். என்னைவிட அவருக்கு நன்றாகவே பாடமாகியிருக்கும்.

தினமும் காலையில் ஒரு சடங்கு உண்டு. மாமா லாரிக்கு அடியில் படுத்து, டேங்க்கின் கீழ்த் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிப்பார். அதை வேலிக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் பல் தேய்ப்பார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்க்கும்போது அவர் முகம் பரீட்சை பேப்பர் திருத்தும் வாத்தியார் முகம் போலவே இருக்கும்.

அந்த வருடம் கோடை பொல்லாததாக இருந்தது. தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை போர்வெல் எல்லாம் வறண்டு, அடுக்குமாடிக்காரர்கள் மாமாவின் செல்போனைத் தூங்கவிடவில்லை. போதாக்குறைக்கு லாரி ஓட்டிய ஆள் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மாமாவே ராப்பகலாக ஓட்டினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. ஒருநாள் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து, பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவரை உரசிக்கொண்டு வந்து சேர்ந்தார். சுவருக்கு இரண்டடி தள்ளிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்களாம். அதை அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே. அத்தை சிரிக்கவில்லை.

“ஒரே ஒரு நாள் படுத்துத் தூங்கு. உன் காலப் புடிச்சிக் கேக்குறேன்.”

“சனங்க குடத்த வச்சிகினு நிக்கிது. நான் தூங்கிகினு இருந்தா இன்னா நாயம்?”

மாமாவிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமா வழக்கம்போலப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன், சுத்தமான டீசல், அடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து வாஷரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூட்டினார். டேங்க் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அத்தை ஒரு குடத்தோடு லாரிப் பக்கம் போனார். வெள்ளிக்கிழமை தோறும் லாரியைக் கழுவிப் பொட்டு வைப்பது அவர் வழக்கம் என்பதால் நான் இட்லியிலேயே கவனமாக இருந்தேன்.

மாமா வண்டியைக் கிளப்பினார். தெருமுனை வரைகூடப் போகவில்லை. லாரி இருமியது, குலுங்கியது, நின்றது. மாமா இறங்கி அடியில் படுத்துத் திருகைத் தளர்த்தினார். டீசல் வரவில்லை. தண்ணீர் வந்தது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

வீடு இடிந்து விழப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். மாமா எழுந்திருக்கவே இல்லை. தரையில் ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தபடியே கிடந்தார். பிறகு வெளியே வந்து வீட்டு வாசலைப் பார்த்தார். அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தானை நனைந்திருந்தது.

“பங்க்ல கலந்துட்டானுங்க போல,” என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. “காலைல பாட்டில்ல தண்ணியே இல்லியே மாமா! நானும் பாத்தேனே!”

“சில டைம் லேட்டா இறங்கும்மா. உனுக்குத் தெரியாது.”

அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தில் அப்படி எதுவுமே கிடையாது. மாமாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். டேங்க்கைக் காலி செய்து, பில்டரைக் கழற்றி, பைப்பில் ஏறிய தண்ணீரை வெளியேற்றும் வேலையை அவரே எத்தனையோ முறை செய்திருக்கிறார். அன்று மெக்கானிக்குக்கு போன் செய்து, சாயங்காலமாக வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். தெரிந்த வேறொரு லாரிக்காரரைக் கூப்பிட்டுத் தன் நடைகளை ஒப்படைத்தார். கடைசியில் போனையும் டேங்க் சாவியையும் அத்தை கையில் கொடுத்தார்.

“வண்டி இன்னிக்கி ஓடாது. சோறு போடு.”

சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவர்தான். குறட்டை கிணற்றடி வரை கேட்டது. போன் அடிக்கும்போதெல்லாம் அத்தை ஓடிப்போய் எடுத்து, “லாரி ரிப்பேருங்க” என்று கிசுகிசுத்துவிட்டு, மறுபடி அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். லாரி கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறார் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து தேற்றினேன்.

“அழாதீங்க அத்தை. யாரு தண்ணி கலந்தாங்கன்னு மாமா கண்டிப்பா கண்டுபுடிச்சிடுவாரு.”

அத்தை அழுகையோடு சிரித்தார்.

“கண்டுபுடிச்சிட்டாருடி.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆளைக் கண்டுபிடித்துவிட்ட மனிதர், போய் அவன் சட்டையைப் பிடிக்காமல் எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார்?