காசில்டாவின் சுங்கச்சாவடி

ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், பாலத்தை ஒட்டிய சுங்கச்சாவடியில் பெண்களைச் சோதிக்கும் வேலை காசில்டாவுக்கு. எண்ணெய், இறைச்சி, மது என்று ஊருக்குள் வருகிற எல்லாவற்றுக்கும் வரி. பெண்களின் பாவாடைக்குள் காவலர்கள் கைவிட முடியாது, அவள் விடுவாள். புருஷன் கியூபாச் சண்டையில் காய்ச்சல் கண்டு செத்தபின் கிடைத்த பிழைப்பு. மாதா கோவிலில்கூட அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஒரு குளிர்காலத்தில் எதிர்வீட்டு பிரிகிடா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காசில்டா தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, எண்ணெய் நிறைந்த தோல்பை.

"எத்தனை மாசம்டி?"

"ஏழுக்கா."

"பாத்துப் போ. பாலம் வழுக்குது."

சேதி எப்படியோ மேற்பார்வையாளன் இலாரியோ காதுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அதே ஊர்க்காரி பெலிப்பா பெரிய வயிற்றோடு வந்தபோது அவன் வாசலிலேயே நின்றான்.

"ஒருத்தி எண்ணெய பெத்துட்டுப் போனா. இவள முழுசா அவுத்துப் பாரு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

உறைபனியில் பெலிப்பா வெறும் உடம்போடு நின்றாள். அது நிஜமான பிள்ளை. சில நாளில் செத்துப் பிறந்தது. குளிரால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. ஊர் சொன்னது. காசில்டாவும் அதையே நம்பினாள்.

தேர்தல் வந்தது. லிபரல் கட்சி வேட்பாளர் சதுக்கத்து மாடத்தில் நின்று பேசினார்: "ஏழை தட்டுல இனி வரி கிடையாது. பணக்காரன் வீட்டு வாடகை மேல போடுவோம்!" கடைசி வரிசையில் காசில்டா கை சிவக்கத் தட்டினாள்.

"நீ ஏண்டி தட்டுறே? உன் சோத்துல மண்ணு விழப்போகுது!" என்றாள் மீன்காரி.

"விழட்டும்."

வரி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அன்று மணியடித்துக்கொண்டே சாவடியைக் கொளுத்தினார்கள். ஒரு கல் காசில்டாவின் நெற்றியைப் பிளந்தது. கூட்டத்தில் நின்ற பிரிகிடா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எண்ணெய் விலை கொஞ்ச நாள் இறங்கியது. பிறகு கடைக்காரர்களே பழைய விலைக்கு ஏற்றிவிட்டார்கள். ஜெயித்துத் தலைநகர் மாத்ரீதுக்குப் போன வேட்பாளர் திரும்பவில்லை.

துணி துவைக்கக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்முன் பெலிப்பா வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு பாதிதான் திறந்தது.

"இன்னும் என்ன தேட வந்தே?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பில்பாவோ நகரத்தில் ஒரு விடுதியில் தரை துடைத்தாள். பெரிய விஷக்காய்ச்சல் பரவிய ஆண்டில், அதில் செத்த மற்றவர்களோடு சேர்த்து அவளையும் பொதுக்குழியில் புதைத்தார்கள்.