பம்பைக் கழற்றிய ஃபோத்தீனி

கிரேக்க நாட்டின் பிரேவெசா படகுத்துறையில் நான் படகுப் பாய் தைக்கும் கடைக்கு அடுத்தது ஃபோத்தீனியின் பட்டறை. படகுகளின் ஃப்ரிட்ஜ்களைப் பழுதுபார்ப்பாள். கெட்டிக்காரி, அது தனக்குத் தெரியும் என்பதை மறைக்கவும் மாட்டாள்.

ஒரு ஜூலை மாதம் ஸீசிஸ் அவளைத் தேடி வந்தார். பயணக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர்; மனைவி ஆர்கிரோவோடு படகிலேயே குடித்தனம். ஃப்ரிட்ஜ் ஓயாமல் ஓடி பேட்டரியைத் தின்கிறது என்றார். ஃபோத்தீனி போய்ப் பார்த்தாள். இருக்கைக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் கம்ப்ரசர். விசிறி, தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

"சுத்திக் கடல வெச்சிக்கிட்டு எதுக்கு விசிறி?" என்றாள். கடல்நீரை இழுத்துக் கம்ப்ரசரைக் குளிர்விக்க ஒரு பம்ப் பொருத்தினாள். ஐஸ் கல்லாக உறைந்தது. ஸீசிஸ் துறை முழுக்கப் புகழ்ந்தார்.

ஆகஸ்டில் வளைகுடா எங்கும் கொழகொழவெனச் சொறிமீன் கூட்டம். பம்பின் வடிகட்டி அடைத்தபடி இருந்தது. அடைக்காத நேரத்தில் அது ஆர்கிரோவின் படுக்கைக்கு அடியில் கடகடத்தது. தூங்குவதற்காக அவர் அணைத்து வைப்பார். காலையில் போட மறந்துவிடுவார். மாதா திருநாளுக்கு வாங்கிய ஆட்டுக்கறி கெட்டுப்போனது. ஆர்கிரோ அதைச் சட்டியோடு கொண்டுவந்து ஃபோத்தீனியின் மேசையில் வைத்தார்.

"மோந்து பாரு. இதான் உன் பம்பு."

அணைத்தது அவருடைய தவறு என்று ஃபோத்தீனி சொல்லியிருக்கலாம். நானே அவள் காதில் அதைத்தான் சொன்னேன். அவள் ஆர்கிரோவிடம் திரும்பினாள்.

"ரெண்டு நாள் உங்க படகுல தங்கிக்கட்டுமாக்கா?"

"தாராளமா. சோறு போடுறேன். பம்பு மட்டும் ஓடக் கூடாது."

"ஓடணும்க்கா. அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் வர்றேன்."

இரண்டு நாள் கழித்து, தூக்கமில்லாமல் கண் சிவந்து படகிலிருந்து இறங்கியவள் நேரே காப்பிக்கடைக்கு வந்தாள். எஞ்சின் மெக்கானிக் லாம்ப்ரோஸும் அங்கிருந்தார். ஆட்டுக்கறிக் கதையை அதற்குள் பாதி ஊருக்குச் சொல்லி முடித்திருந்தவர் அவர்.

"பம்பு நல்ல பம்புதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஊர் ஊராப் போற படகுக்கு அது சரி. கட்டிப்போட்ட படகுல குடும்பம் நடத்துறவங்களுக்கு அதை வெச்சது என் தப்பு."

கிண்டலுக்கென்று வைத்திருந்ததைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினார் லாம்ப்ரோஸ்.

அன்றே பம்பைக் கழற்றினாள். படகின் அடிவயிற்றில் எப்போதும் குளிர்ந்திருக்கும் காற்றை ஒரு குழாய் வழியே கம்ப்ரசருக்கு வரச் செய்தாள். சூட்டை இன்னொரு குழாயில் வெளியே அனுப்பினாள். சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி ஒன்றும் போட்டாள். ஃப்ரிட்ஜ் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஓடியது. ஐஸ் உறைய நேரமாகிறதென்று ஸீசிஸ் முனகினார். "பேசாம இருங்க, நான் தூங்குறேன்" என்றார் ஆர்கிரோ.

இத்தனை வருடத்தில் இந்தத் துறையில் தாங்கள் செய்த வேலைக்கு வக்காலத்து வாங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதனோடு படுத்துப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

இப்போது யார் வந்தாலும் முதலில் அவள் கேட்பது, "எங்க படுப்பீங்க?" போன வாரம் ஒரு ஜெர்மன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மனைவிதான் சிரித்துக்கொண்டே படகின் முன்பக்க அறையைக் காட்டினார்.